டிக்கர் நாடாவையும் இயக்க வரைபடங்களையும் வாசிப்பது எப்படி?

இயற்பியல் ஆய்வகத்தில் முதன்முறையாக டிக்கர் நாடாவைக் கையில் எடுக்கும் மாணவரின் கண்ணில் படுவது, ஏறத்தாழ ஒரு செ.மீ. அகலமுள்ள நீண்ட காகிதத்தில் வரிசையாக விழுந்திருக்கும் கரும்புள்ளிகள் மட்டுமே. அந்தப் புள்ளிகள் ஓரிடத்தில் நெருங்கியும் வேறோர் இடத்தில் விலகியும் இருப்பதிலிருந்து, ஒரு வண்டி எப்போது புறப்பட்டது, எவ்வளவு விரைந்தது, எங்கே தளர்ந்தது என்பதையெல்லாம் சொல்லிவிட முடியும். வரைபடத்துக்குப் போவதற்கு முன் நாடாவை வாசிக்கப் பழகிவிட்டால், வரைபடம் என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய கோடுகளின் பட்டியலாக இல்லாமல், அந்த நாடாவின் இன்னொரு வடிவமாகவே தெரியத் தொடங்கும் என்பது பல ஆண்டுகள் கற்பித்ததில் எனக்கு உறுதியாகியிருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையும் நாடாவிலிருந்தே தொடங்குகிறது.

கருவியைப் பற்றி

டிக்கர் கருவி எளிமையானது. ஒரு கம்பிச்சுருளின் நடுவே மெல்லிய எஃகுப் பட்டை ஒன்று நீண்டிருக்கும். அதன் நுனி ஒரு நிலைக்காந்தத்தின் இரு முனைகளுக்கும் இடையே நிற்கும். சுருளுக்குக் குறைந்த மின்னழுத்தத்தில் மாறுதிசை மின்னோட்டம் கொடுத்தால், மின்னோட்டம் திசை மாறும் ஒவ்வொரு முறையும் பட்டையின் காந்தமுனையும் மாறி, அது ஒரு பக்கமும் மறுபக்கமும் இழுபடுகிறது. பட்டையின் நுனியிலுள்ள சிறு குமிழ் கீழே இருக்கும் வட்டக் கார்பன் தாளைத் தட்ட, அதன் அடியில் ஓடும் நாடாவில் புள்ளி விழுகிறது. தட்டும் ஓசையால் வந்த பெயர்தான் டிக்கர். 1867ஆம் ஆண்டில் எட்வர்ட் கலாஹன் என்பவர் நியூயார்க்கில் பங்கு விலைகளைத் தந்தி வழியே அச்சிட உருவாக்கிய கருவிக்கும் இதே காரணத்தால் இதே பெயர் அமைந்தது.

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று வீதம் மாறுகிறது. எனவே கருவி வினாடிக்கு 50 புள்ளிகளை இடுகிறது. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட காலம் 0.02 வினாடி. அமெரிக்காவிலும் கனடாவிலும் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 60 சுற்று, என்பதால், அங்கு எடுத்த நாடாவில் இந்தக் காலம் அறுபதில் ஒரு பங்கு வினாடியாகும். இந்தியாவின் மின்தொகுப்பு விதிகள் அலைவெண்ணை 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கக் கோருகின்றன. பள்ளி ஆய்வகத்தில் கிடைக்கும் மிக மலிவான கடிகாரம் இதுவே. ஸ்கேலால் அளப்பதில் நாம் செய்யும் பிழையோடு ஒப்பிட்டால் இந்தக் கடிகாரத்தின் பிழை பொருட்படுத்தத் தக்கதன்று. ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நிலைக்காந்தம் இல்லாத அமைப்பில், பட்டை ஒரு சுற்றுக்கு இருமுறை இழுபட்டு வினாடிக்கு 100 புள்ளிகளை இடும். கருவியின் மேல் எழுதியிருக்கும் எண்ணை வாசிக்காமல் கணக்கில் இறங்கினால் திசைவேகம் (ஒரு திசையில் செல்லும் வேகம்) பாதியாகவும், முடுக்கம் (திசைவேகம் மாறும் வீதம்) நான்கில் ஒரு பங்காகவும் வந்து நிற்கும்.

நாடாவை எடுத்தல்

ஒரு மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமுள்ள வழுவழுப்பான பலகையை மேசைமேல் வைத்து, ஒரு முனையைப் புத்தகங்களால் உயர்த்துங்கள். உயர்ந்த முனையில் டிக்கர் கருவியை அசையாதபடி பொருத்துங்கள். நாடாவைக் கார்பன் தாளுக்கு அடியில் செலுத்தி, அதன் முன்முனையை டிராலியின், அதாவது சக்கரங்கள் பொருத்திய சிறு வண்டியின், பின்புறத்தில் செலோடேப்பால் ஒட்டுங்கள். கார்பன் தாளின் மை பூசிய பக்கம் நாடாவை நோக்கிக் கீழே இருக்க வேண்டும். நாடா கருவிக்கு நேர்கோட்டில் செல்ல வேண்டும். சாய்வாகச் சென்றால் ஓரங்களில் உரசி, அந்த உராய்வே வண்டியை இழுத்துப் பிடிக்கும். முதலில் கருவியை இயக்கிவிட்டு, அதன் தட்டல் சீரானபின் டிராலியை விடுங்கள். விடும்போது தள்ளக் கூடாது. பிடித்திருக்கும் கையை எடுத்தாலே போதும்.

சாய்தளத்தின் மேல் இயக்கத்தை ஆராய்வது பழைய வழிதான். கலிலியோ பொருள்கள் செங்குத்தாக விழும் வேகத்தைத் தம் காலத்துக் கருவிகளால் அளக்க இயலாது என்பதால், உருண்டைகளைச் சாய்ந்த பள்ளத்தில் உருட்டி, பாத்திரத்திலிருந்து வழியும் நீரை எடையிட்டு நேரத்தைக் கணித்ததாக 1638இல் வெளிவந்த தம் நூலில் விவரித்திருக்கிறார். நீர் செய்த வேலையை நம் மேசையில் எஃகுப் பட்டை செய்கிறது.

நாடா வெளியே வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதில் ஓர் அம்புக்குறி இடுவது. டிராலியோடு ஒட்டியிருந்த முனைதான் கருவியை முதலில் கடந்தது. ஆகையால் அந்த முனைக்கு அருகிலுள்ள புள்ளிகளே காலத்தால் முந்தியவை. அதன் அருகில் 'தொடக்கம்' என்று எழுதிவிடுங்கள். இதைச் செய்யாமல் நாடாவைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு மறுநாள் எடுத்தால், எது தலை எது வால் என்று தெரியாது. தலைகீழாக வாசித்தால், விரைந்து சென்ற வண்டி தளர்ந்து நின்றதாகக் கணக்கு சொல்லும்.

புள்ளிகளை எண்ணுவதா, இடைவெளிகளை எண்ணுவதா?

தொடங்குபவர்கள் எல்லோரும் இடறும் இடம் இது என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம். நேரம் என்பது புள்ளிகளில் இல்லை. புள்ளிகளுக்கு இடையில் இருக்கிறது. ஆறு புள்ளிகளுக்கு நடுவே ஐந்து இடைவெளிகளே உண்டு. ஆகவே ஆறு புள்ளிகள் அடங்கிய துண்டின் காலம் ஐந்து முறை 0.02 வினாடி, அதாவது 0.1 வினாடி. தொடக்கப் புள்ளியை 'ஒன்று' என்று எண்ணாமல் 'சுழியம்' என்று எண்ணப் பழகுங்கள். சுழியம், ஒன்று, இரண்டு என எண்ணிக்கொண்டே வந்தால், 'ஐந்து' என்று விரல் நிற்கும் புள்ளியில் ஐந்து இடைவெளிகள் கடந்திருக்கும், பிழைக்கு இடமிருக்காது.

நாடாவின் தொடக்கத்தில், வண்டி நிற்கும்போதும் மெல்ல நகரத் தொடங்கும்போதும் விழுந்த புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து ஒரே கறையாக இருக்கும். அதை விட்டுவிட்டு, தெளிவாகத் தனித்துத் தெரியும் முதல் புள்ளியைச் சுழியமாகக் கொள்ளுங்கள். அப்படி விடுவது தவறன்று. ஆனால் அந்தச் சுழியப் புள்ளியில் வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது என்பதை மறக்கக் கூடாது.

அளவெடுப்பதற்கு முன் கண்ணால் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இடைவெளிகள் எல்லாம் சமமாக இருந்தால் திசைவேகம் மாறவில்லை. இடைவெளிகள் வளர்ந்துகொண்டே போனால் வண்டி முடுக்கமடைகிறது. சுருங்கிக்கொண்டே போனால் எதிர் முடுக்கம். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் இவற்றை ஆர்முடுகல், அமர்முடுகல் என்ற பெயர்களால் அறிந்திருப்பார்கள். அங்கே திசைவேகத்தை வேகம் என்றும், வரைபடக் கோட்டின் சாய்வைப் படித்திறன் என்றும் சொல்வார்கள். பெயர் எதுவானாலும் புள்ளிகள் சொல்வது ஒன்றே.

ஒரு நாடாவைக் கூர்ந்து பார்ப்போம்

பலகையின் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 15 செ.மீ. உயர்வு இருக்கும்படி சாய்த்து எடுத்த ஒரு நாடாவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சுழியப் புள்ளியிலிருந்து ஒவ்வோர் ஐந்து இடைவெளிக்கும் ஒரு கோடிட்டால், 0.1 வினாடி கொண்ட ஆறு துண்டுகள் கிடைக்கின்றன. ஸ்கேலைத் துண்டுக்குத் துண்டு நகர்த்தி அளக்காதீர்கள். நகர்த்தும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பிழை சேரும். ஸ்கேலின் சுழியத்தை முதல் புள்ளியின் நடுவில் ஒருமுறை வைத்து, எல்லாக் கோடுகளின் தொலைவையும் அப்படியே வாசித்து எழுதுங்கள். நம் நாடாவில் அந்தத் தொலைவுகள் 2.3, 5.9, 10.6, 16.7, 23.9, 32.3 செ.மீ. என்று வருகின்றன. அடுத்தடுத்த எண்களைக் கழித்தால் துண்டுகளின் நீளம் கிடைக்கும்: 2.3, 3.6, 4.7, 6.1, 7.2, 8.4 செ.மீ.

ஒவ்வொரு நீளத்தையும் 0.1 வினாடியால் வகுத்தால், அந்தத் துண்டின் சராசரித் திசைவேகம் கிடைக்கும். அதாவது வினாடிக்கு 23, 36, 47, 61, 72, 84 செ.மீ. இவற்றின் ஏற்றம் 13, 11, 14, 11, 12 என இருக்கிறது. ஏற்றம் துல்லியமாகச் சமமாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு புள்ளியின் அகலமே ஏறத்தாழ ஒரு மி.மீ.; நடுவைக் கணிப்பதில் ஒரு மி.மீ. தவறினால், திசைவேகத்தில் வினாடிக்கு ஒரு செ.மீ. தவறிவிடும். இந்தத் தடுமாற்றம் அளவின் இயல்பு. எல்லா ஏற்றங்களும் மிகச் சரியாக 12 என்று எழுதிவரும் மாணவரின் நோட்டைத்தான் நான் கூடுதல் கவனத்தோடு பார்ப்பேன்.

இனி முடுக்கம். கடைசித் திசைவேகம் 84, முதல் திசைவேகம் 23, வேறுபாடு 61. இதை எத்தனை வினாடியால் வகுப்பது? துண்டுகள் ஆறு என்பதால் பலர் 0.6 வினாடியால் வகுத்து, ஏறத்தாழ 102 என்ற விடையைப் பெறுகிறார்கள். அது தவறு. 23 என்பது முதல் துண்டின் சராசரி. சீராக முடுக்கமடையும் வண்டி அந்தத் திசைவேகத்தை அந்தத் துண்டுக்குரிய காலத்தின் நடுவில், அதாவது 0.05ஆவது வினாடியில்தான் பெற்றிருந்தது. 84 என்பது ஆறாவது துண்டின் நடுக்காலமான 0.55ஆவது வினாடிக்கு உரியது. இரண்டுக்கும் இடையே கழிந்தது 0.5 வினாடி மட்டுமே. எனவே முடுக்கம் வினாடிக்கு வினாடி 122 செ.மீ., அதாவது 1.22 மீட்டர். உராய்வே இல்லையென்றால் இந்தச் சாய்வில் 1.47 மீட்டர் வந்திருக்கும். குறையும் பகுதியைச் சக்கரங்களின் உராய்வும், அவற்றைச் சுழற்றுவதற்கு ஆகும் பங்கும், நாடாவின் இழுப்பும் எடுத்துக்கொண்டன.

துண்டுகளே வரைபடம் ஆகும் இடம்

இப்போது நாடாவைக் கோடிட்ட இடங்களில் கத்தரியால் வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் வரிசை எண் இடுங்கள். ஒருமுறை என் வகுப்பில் எண் இடாமல் வெட்டிய துண்டுகளை மின்விசிறிக் காற்று கலைத்துவிட்டது. சீராக விரைந்த வண்டியின் நாடா என்பதால், நீளத்தை வைத்து அவற்றை மீண்டும் அடுக்கிவிட முடிந்தது. பக்கத்து மேசையிலோ விரைந்து பின் தளர்ந்த வண்டியின் துண்டுகள் கலைந்திருந்தன. ஒரே நீளத்தில் இரண்டு துண்டுகள் இருந்ததால் எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லவே முடியவில்லை. அந்தக் குழு பரிசோதனையை முதலிலிருந்து செய்ய நேர்ந்தது.

எண்ணிட்ட துண்டுகளை ஒரு தாளில், அடிப்பகுதிகள் ஒரே கிடைக்கோட்டில் அமையும்படி, இடைவெளியின்றிப் பக்கம் பக்கமாகச் செங்குத்தாக ஒட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் உயரமும், அந்த 0.1 வினாடியில் வண்டி சென்ற தொலைவு. காலம் எல்லாத் துண்டுக்கும் ஒன்றே என்பதால் உயரமே திசைவேகத்தின் அளவாகிறது. நம் எடுத்துக்காட்டில் 2.3 செ.மீ. உயரம் என்றால் வினாடிக்கு 23 செ.மீ. என்று வாசித்துக்கொள்ளலாம். துண்டின் அகலம் 0.1 வினாடியைக் குறிக்கிறது. ஒவ்வொரு துண்டின் மேல்விளிம்பின் நடுவிலும் ஒரு புள்ளி வைத்து, அவற்றுக்கு இடையே செல்லும் நேர்கோட்டை வரையுங்கள். வரைந்து முடித்தது திசைவேகம்–காலம் வரைபடமேதான். நாடாக்களே எழுந்து நின்று வரைபடமாகிவிட்டன.

அந்தக் கோட்டின் சாய்வு முடுக்கம். கோட்டை இடப்புறம் நீட்டினால், சுழியக் காலத்தில் அது செங்குத்து அச்சை ஏறத்தாழ 17 என்ற இடத்தில் வெட்டும். நாம் விட்டுவிட்ட கறைப் பகுதியிலேயே வண்டி வினாடிக்கு 17 செ.மீ. திசைவேகத்தைப் பெற்றுவிட்டது என்பதே இதன் பொருள். கோடு தொடக்கப் புள்ளி வழியாகத்தான் செல்ல வேண்டும் என்று எண்ணி, அதை வளைத்து இழுத்துவிடாதீர்கள்.

வரைபடத்தின் அடியிலுள்ள பரப்பு ஏன் தொலைவைத் தருகிறது என்ற கேள்விக்கும் விடை இந்தத் தாளிலேயே இருக்கிறது. ஒட்டிய துண்டுகளை எல்லாம் பிரித்தெடுத்து மீண்டும் முனையோடு முனை சேர்த்தால், வண்டி சென்ற 32.3 செ.மீ. தொலைவு திரும்பக் கிடைத்துவிடும் அல்லவா? கோட்டுக்கு அடியிலுள்ள பரப்பு என்பது இந்தத் துண்டுகள் அடைத்துக்கொண்டிருக்கும் இடமே. கணக்கால் சரிபார்க்கலாம். கோடு தொடக்கத்தில் 17இலும், 0.6ஆவது வினாடியில் ஏறத்தாழ 90இலும் நிற்கிறது. இவற்றின் சராசரி 53.5, அதை 0.6ஆல் பெருக்கினால் 32.1 செ.மீ. ஸ்கேலில் அளந்ததற்கும் இதற்கும் 2 மி.மீ. மட்டுமே வேறுபாடு.

இரு வரைபடங்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க

அதே அளவுகளைக் கொண்டு தொலைவு–காலம் வரைபடம் வரைய வேண்டுமானால், 0, 2.3, 5.9, 10.6, 16.7, 23.9, 32.3 என்ற தொலைவுகளை 0, 0.1, 0.2 என்ற காலங்களுக்கு நேராகக் குறித்து, மேல்நோக்கி வளையும் கோட்டால் இணையுங்கள். இங்கே சாய்வுதான் திசைவேகம். சாய்வு கூடிக்கொண்டே போவதால் கோடு செங்குத்தாக நிமிர்கிறது. ஒரே ஓட்டம் ஒரு வரைபடத்தில் நேர்கோடாகவும் மற்றொன்றில் வளைகோடாகவும் தெரிகிறது. ஆகவே எந்த வரைபடத்தைக் கண்டாலும், கோட்டின் வடிவத்தைப் பார்ப்பதற்கு முன் செங்குத்து அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வாசியுங்கள்.

கிடைக்கோடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொலைவு–காலம் வரைபடத்தில் கிடைக்கோடு என்றால் பொருள் நிற்கிறது. திசைவேகம்–காலம் வரைபடத்தில் அதே கிடைக்கோடு, பொருள் மாறாத திசைவேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டும். குழப்பம் வந்தால் நாடாவை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாவதற்கு உரிய நாடாவில் ஒரே இடத்தில் ஒரு கறை மட்டும் இருக்கும். இரண்டாவதற்கு உரிய நாடாவில் சம இடைவெளியில் புள்ளிகள் இருக்கும்.

இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே ஓடும் ஒரு நகரப் பேருந்தைக் கற்பனை செய்து பாருங்கள். அது 8 வினாடியில் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தைப் பெற்று, 20 வினாடி அதே வேகத்தில் ஓடி, 5 வினாடியில் நிற்கிறது என்றால், அதன் திசைவேகம்–காலம் வரைபடம் ஏறி, சமமாகச் சென்று, இறங்கும். இதைப் பார்க்கும் புதியவர்கள் பேருந்து ஒரு மேட்டில் ஏறி இறங்கியதாகச் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். வரைபடம் சாலையின் படமன்று. சாலை முழுவதும் சமதளமாகவே இருந்திருக்கலாம். ஏறும் கோட்டின் சாய்வு 1.25, இறங்கும் கோட்டின் சாய்வு 2, ஆனால் எதிர்க்குறியுடன். பரப்பை முக்கோணம், செவ்வகம், முக்கோணம் என்று பிரித்தால் 40, 200, 25 மீட்டர். ஆக நிறுத்தங்களுக்கு இடைப்பட்ட தொலைவு 265 மீட்டர். இறங்கும் கோடு பேருந்து பின்னோக்கி வந்ததைக் காட்டவில்லை என்பதையும் கவனியுங்கள். கோடு அச்சுக்கு மேலே இருக்கும் வரையில் பேருந்து முன்னோக்கியே செல்கிறது. அச்சுக்குக் கீழே இறங்கினால்தான் திசை மாறியதாகப் பொருள்.

நாடாவால் சொல்ல முடியாதவையும் உண்டு. வண்டி திரும்பி வந்தால் நாடா தொய்ந்துவிடும். பின்னோக்கிய இயக்கம் அதில் பதியாது. நடுவழியில் வண்டி நின்றால், ஒரே இடத்தில் எத்தனை முறை தட்டப்பட்டது என்று கறையைப் பார்த்து எண்ண இயலாது. நின்ற நேரம் தொலைந்துபோகும். அத்தகைய இயக்கங்களைக் கைபேசியில் காணொளியாக எடுத்து, வண்டிக்குப் பின்னால் ஒரு மீட்டர் ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி அளப்பதே நல்லது. வினாடிக்கு 30 சட்டகம் என்றால் இடைவெளி முப்பதில் ஒரு பங்கு வினாடி. வாசிக்கும் முறை மாறாது.

தடையின்றி விழும் எடையைக் கொண்டு

சாய்தளத்தில் கை பழகியபின், டிக்கர் கருவியை மேசை விளிம்பில் செங்குத்தாகப் பொருத்தி, நாடாவில் கட்டிய எடையைக் கீழே விடலாம். புள்ளி விழும் நொடியிலேயே எடை புறப்பட்டது என்று வைத்துக்கொண்டால், முதல் நான்கு இடைவெளிகள் ஏறத்தாழ 2, 5.9, 9.8, 13.7 மி.மீ. என்று அமையும். இவை 1, 3, 5, 7 என்ற ஒற்றை எண்களின் விகிதத்தில் இருப்பதைக் காணலாம். கலிலியோ கண்டறிந்த விதி இதுவே. அடுத்தடுத்த இடைவெளிகள் 3.9 மி.மீ. வீதம் கூடுகின்றன. ஆனால் இந்த 3.9 மி.மீ. அளவில் அரை மி.மீ. தவறினாலே பிழை பத்து விழுக்காட்டைத் தாண்டிவிடும். எனவே இங்கும் ஐந்து இடைவெளித் துண்டுகளையே பயன்படுத்துங்கள். அப்போது துண்டுக்குத் துண்டு 9.8 செ.மீ. கூடும். ஒரு மீட்டர் விழ 0.45 வினாடியே ஆகும் என்பதால் நான்கு முழுத் துண்டுகள்தாம் கிடைக்கும். முடுக்கத்துக்கு வரும் விடையும் புவியீர்ப்பு முடுக்கமான வினாடிக்கு வினாடி 9.8 மீட்டரைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும், ஏனெனில் நாடா கருவியில் உரசுகிறது. எடை மிகவும் சிறியதாக இருந்தால் இந்த உராய்வு கூடுதலாகத் தெரியும். அரைக் கிலோவுக்குக் குறையாத எடையைத் தேர்ந்து, அது விழும் இடத்தில் தடித்த துணியோ நுரைமெத்தையோ போட்டுவையுங்கள்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். இருவராகச் சேர்ந்துகொள்ளுங்கள். ஒருவர் நாடாவைக் கையால், மெல்லத் தொடங்கி விரைந்து பின் தளர்வாக, தமக்குத் தோன்றியபடி இழுக்கட்டும். அந்த நாடாவை மற்றவர் கண்ணால் மட்டும் பார்த்து, ஸ்கேல் இல்லாமல், திசைவேகம்–காலம் வரைபடத்தைத் தோராயமாக வரையட்டும். பிறகு நாடாவை மறைத்துவைத்துவிட்டு, வரைபடத்தை மட்டும் கையில் கொடுத்து, அதே ஓட்டம் வரும்படி புதிய நாடா ஒன்றை இழுக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் இரண்டு நாடாக்களையும் மேசைமேல் ஒன்றன்கீழ் ஒன்றாக விரித்து, புள்ளிகள் எந்த இடத்தில் ஒத்துப்போகின்றன, எந்த இடத்தில் விலகுகின்றன என்று இருவருமாகப் பாருங்கள்.